ஆகஸ்டிலேயே இலை உதிர்க்கும் பீச் மரம் சாகிறதா, சமாளிக்கிறதா?

கேள்வி இதுதான். ஜெர்மனியில் கோடையில் காட்டுப் பக்கம் நடந்துபோன ஒருவர், ஆகஸ்ட் மாதத்திலேயே பீச் (beech, பழம் தரும் பீச் இல்லை) மரங்கள் பழுப்பேறி இலை கொட்டுவதைப் பார்த்திருக்கிறார். மரம் செத்துக்கொண்டிருக்கிறதா, தன்னைக் காத்துக்கொள்கிறதா? நின்ற இடத்தைவிட்டு நகர முடியாத ஒரு மரம் வறட்சிக்கும் பூச்சிக்கும் எதிராக என்னதான் செய்யும்?

இலை உதிர்த்த அந்த ஆண்டிலேயே பெரும்பாலான மரங்கள் சாவதில்லை. உதிர்ப்பது அவசரகால நடவடிக்கை. அதற்கான செலவை மரம் அடுத்த இரண்டு மூன்று வருடங்களில்தான் கட்டுகிறது, சாவும் வந்தால் பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது. பீச் மரத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: வறட்சி, உறைபனி, பூச்சி, விதை என்று எது வந்தாலும் அது ஒரே கையிருப்பிலிருந்துதான் செலவழிக்கிறது. தண்டிலும் கிளையிலும் வேரிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தும் சர்க்கரையும்தான் அந்தக் கையிருப்பு. ஒரு அடியைத் தாங்கும் மரம், அது நிரம்புவதற்குள் அடுத்த அடி விழுந்தால் தடுமாறிவிடும்.

முதலில் மரத்தின் குணத்தைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய பீச் தெற்கு ஸ்வீடனிலிருந்து சிசிலி வரையும், ஸ்பெயினிலிருந்து கார்பாத்திய மலைகள் வரையும் பரவியிருக்கிறது. மனிதர்கள் கைவைக்காமல் விட்டிருந்தால் ஜெர்மனியின் பெரும்பகுதி பீச் காடாகவே இருந்திருக்கும். இன்று அந்நாட்டுக் காடுகளில் அதன் பங்கு ஏறக்குறைய ஆறில் ஒன்று. இது நிழலுக்கென்றே உருவான மரம். மற்ற மரங்களின் நாற்று வெளிச்சம் கிடைக்காமல் செத்துப்போகும் இடத்தில் பீச் நாற்று பல பத்தாண்டுகள் பொறுமையாகக் காத்திருக்கும். மேலே இடம் கிடைத்ததும் எழுந்து, அடர்த்தியான தழையால் கீழே உள்ள எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். தெற்கு இத்தாலியின் பொல்லினோ தேசியப் பூங்காவில் 600 வயதைத் தாண்டிய பீச் மரங்கள் நிற்கின்றன.

குளிர்ச்சி, ஈரம், நெருக்கம் இருக்கும்வரை இந்த மரத்தை வெல்வது கடினம். அதன் பலவீனம் பட்டையில் தெரியும். ஓக் மரத்தின் பட்டைபோல அது தடித்து வெடிப்பதில்லை, ஆயுள் முழுக்க மெல்லிய, வழவழப்பான சாம்பல் நிறத் தோலாகவே இருக்கிறது. யாரோ கத்தியால் செதுக்கிய பெயர் நூறு வருடம் கழித்தும் பீச்சில் தெரிவது இதனால்தான். சுற்றியுள்ள மரங்களைத் திடீரென வெட்டிவிட்டால் மாலை வெயில் படும் தென்மேற்குப் பக்கத்துப் பட்டை வெந்து, உரிந்து, அந்த வழியாகப் பூஞ்சை உள்ளே போகும். காட்டைத் திறந்து வெளிச்சம் விடுவது நல்லது என்று நினைத்துச் செய்த வெட்டுகளே பல பழைய பீச் மரங்களைக் கொன்றிருக்கின்றன.

சரி, வறட்சிக்கு வருவோம். தொடக்கத்தில் நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மண் காயக் காய, மரத்துக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது இலைத்துளைகளை மூடவைக்கிறது. துளை மூடினால் தண்ணீர் மிச்சம்தான், ஆனால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வராது, உணவு தயாரிப்பும் நின்றுவிடும். ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்கள் சீக்கிரமே மூடிக்கொண்டு பட்டினி கிடக்கத் தயாராகிவிடும். பீச் அப்படிச் செய்வதில்லை. மண் ஓரளவு காய்ந்த பிறகும் துளைகளைத் திறந்துவைத்து உணவு தயாரித்துக்கொண்டே இருக்கும்.

வழக்கமான கோடை வறட்சியில் இந்தத் துணிச்சல் லாபமாக முடிகிறது. மழை சில வாரங்களில் வந்துவிடும், மரம் அதுவரை சம்பாதித்திருக்கும். மழை வராவிட்டால்தான் ஆபத்து. வேரிலிருந்து இலை வரை நீர் ஒரே இழையாக இழுபட்டு நிற்கிறது. மண் தர மறுக்க, இலை இழுத்துக்கொண்டே இருக்க, அந்த இழுவிசை ஏறிக்கொண்டே போகும். வளிமண்டல அழுத்தத்தைப்போலச் சுமார் 30 மடங்கை எட்டும்போது, சிறுகிளைகளின் நீர்க்குழாய்களில் காற்று புகுந்து, அவற்றின் கடத்தும் திறனில் பாதி போய்விடும். காற்றடைத்த குழாயை பீச் அவ்வளவு எளிதில் மீட்பதில்லை. அடுத்த பருவத்தில் புதிய மரவளையம் போட்டுத்தான் இழப்பை ஈடுகட்ட வேண்டும்.

கேட்டவர் பார்த்த இலை உதிர்வு இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. இலையைக் கழற்றிவிட்டால் நீர் வெளியேறும் பரப்பு குறையும், இழுவிசை தணியும், கிளைகள் தப்பிக்கும். ஆனால் எல்லா உதிர்வும் ஒன்றில்லை. நன்றாக மஞ்சளாகி உதிர்ந்த இலையிலிருந்து மரம் நைட்ரஜன் முதலிய சத்துகளை முன்பே உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். பச்சையிலிருந்து நேரே பழுப்பாகி, மொறமொறவென்று சுருண்டு, கிளையிலேயே தொங்கும் இலையில் அந்தச் சத்து அப்படியே வீணாகியிருக்கும். அங்கே நீர்க்குழாயே பழுதாகியிருக்கக்கூடும். முதலாவது முடிந்தவரை ஒழுங்கான பின்வாங்கல், இரண்டாவது காயம். (குளிர்காலத்தில் இளம் பீச் மரங்கள் பழுப்பு இலைகளை உதிர்க்காமல் வைத்திருப்பது வேறு விஷயம், அது அவற்றின் இயல்பு. பயப்பட வேண்டாம்.)

மண்ணுக்கடியிலும் இதே கதை நடக்கிறது. நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் வறண்ட மண்ணில் பெருமளவு செத்துப்போகும், ஈரம் திரும்பியதும் மரம் புதியவற்றை விடும். அதற்கும் கையிருப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

2018 கோடை மத்திய ஐரோப்பாவில் இதையெல்லாம் பெரிய அளவில் காட்டியது. வெப்பமும் வறட்சியும் சேர்ந்து வந்ததில், ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் மலைச்சரிவுகள் ஜூலை, ஆகஸ்டிலேயே இலையுதிர்கால நிறத்துக்கு மாறின. வடக்கு சுவிட்சர்லாந்தில் அந்த வருடம் முன்கூட்டியே இலை இழந்த மரங்களையும், பசுமையாகவே நின்ற மரங்களையும் ஆய்வாளர்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் விடாமல் கவனித்தார்கள். உச்சிக்கிளை காய்வதும் மரம் சாவதும் சீக்கிரம் இலை இழந்தவற்றில்தான் கூடுதலாக இருந்தன. 2019உம் 2020உம் வறண்ட ஆண்டுகளாகவே அமைந்துவிட்டதால் மரங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஜெர்மன் அரசின் 2020ஆம் ஆண்டுக் காட்டுநிலைக் கணக்கெடுப்பில், தழை தெளிவாகவே மெலிந்துபோன பீச் மரங்களின் பங்கு 55 சதவீதம். மண் ஆழமில்லாத சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளிலும், வயதான பெரிய மரங்களிலும் அடி பலமாக விழுந்தது. யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்து ஹைனிக் காட்டிலேயே பழைய மரங்கள் காய்ந்தன. பாதுகாக்கப்பட்ட காடு என்பதற்காக வறட்சி அதை விட்டுவைத்துவிடவில்லை.

ஆனால் அதே சரிவில், அதே மண்ணில், ஒரு மரம் காய்ந்திருக்க அடுத்த மரம் பசுமையாக நின்றது பலரையும் யோசிக்கவைத்தது. ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்தில் இப்படிப்பட்ட அண்டை மரங்களை ஜோடி ஜோடியாக 200க்கும் மேல் தேர்ந்து மரபணுவை ஒப்பிட்டார்கள். தாங்கும் திறன் ஒரு தனி மரபணுவில் இல்லை, பல இடங்களில் சிதறிக் கிடக்கும் சிறு வேறுபாடுகளின் கூட்டு என்று தெரியவந்தது. எனக்கு இது பெரிய ஆறுதலான செய்தி. தாங்கக்கூடிய மரங்கள் காட்டுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. காய்ந்த மரத்தை அப்புறப்படுத்துகிறோம் என்று பக்கத்தில் நிற்கும் நல்ல மரத்தையும் சேர்த்து வெட்டாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

மியூனிக் அருகே கிரான்ஸ்பெர்க் காட்டில் இன்னொரு சோதனை நடந்தது. வளர்ந்த பீச், ஸ்புரூஸ் மரங்களுக்கடியில், மழை பெய்யும்போது தானாக மூடிக்கொள்ளும் கூரை அமைத்து, 2014 முதல் ஐந்து கோடைகள் மண்ணுக்கு மழை போகாமல் தடுத்தார்கள். ஸ்புரூஸின் வளர்ச்சி பீச்சைவிட மிக அதிகமாக வீழ்ந்தது. ஆக பீச் நோஞ்சான் மரம் என்று முடிவுகட்ட முடியாது. 2018இல் நடந்தது வெறும் மண்வறட்சி இல்லை. வெயிலும் உலர்ந்த காற்றும் மேலேயிருந்து இலையை உறிஞ்ச, கீழே மண்ணும் கைவிட்ட நிலை அது.

அடுத்தது விதை. காய்ந்த கோடைக்கு அடுத்த வருடம் பீச் மரங்கள் அளவுக்கு மீறிக் காய்ப்பதைப் பார்த்துவிட்டு, சாகப்போகும் மரம் பயந்துபோய் வாரிசை விட்டுச்செல்கிறது என்று சொல்வார்கள். கேட்க உருக்கமாக இருக்கிறது, ஆனால் நான் இதை ஏற்பதில்லை. முந்தைய கோடையின் வெப்பம்தான் பூமொட்டு உருவாவதற்கான தூண்டுதல். ஆண்டின் நீண்ட பகல் கொண்ட ஜூன் 21ஐ ஒட்டி, மரங்கள் வெப்பத்தை உணரத் தொடங்குகின்றன என்றும், அதனால்தான் ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள மரங்கள்கூட ஒரே வருடத்தில் காய்க்கின்றன என்றும் 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. நோயுற்ற மரம் மட்டுமல்ல, நல்ல ஆரோக்கியமான மரமும் அப்போது காய்க்கும்.

பல வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரே வருடத்தில் கொட்டித் தள்ளுவதே ஒரு பூச்சித் தடுப்பு உத்தி. காய்க்காத வருடங்களில் விதையைத் துளைக்கும் அந்துப்பூச்சிகள் பட்டினியில் குறையும். பிறகு ஒரேயடியாகக் காய்க்கும்போது அவற்றால் எல்லாவற்றையும் தின்ன முடியாது. பிரிட்டனில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் எண்ணிய விதைக் கணக்கில், கோடைகள் சூடாகச் சூடாக இந்த ஏற்ற இறக்கம் மங்குவது தெரிந்தது. மரங்கள் அடிக்கடி காய்க்கின்றன, அந்துப்பூச்சிக்கும் தொடர்ந்து தீனி கிடைக்கிறது. மரம் செலவழித்ததற்குப் பலன் குறைந்துகொண்டே போகிறது.

உறைபனி பற்றியும் ஒரு வார்த்தை. வெப்பத்தை மட்டும் நம்பி இலைவிடும் மரம், ஒரு சூடான மார்ச் மாதத்தில் ஏமாந்துபோகலாம். பீச் பகலின் நீளத்தையும் பார்த்துத்தான் மொட்டை அவிழ்க்கும், அதனால் பெரும்பாலும் தப்பித்துவிடும். தப்பாத வருடங்களும் உண்டு. 2016 ஏப்ரல் கடைசியில் இத்தாலியின் அபென்னைன் மலைகளில் அடித்த உறைபனியில் புதிதாக விரிந்த இலைகள் முழுவதும் கருகின. வாரக்கணக்கில் மொட்டையாக நின்ற மரங்கள் பிறகு இரண்டாவது முறை இலைவிட்டன. அந்த மலைப்பகுதியின் அப்ருஸ்ஸோ மாநிலத்தில் நடந்த ஆய்வில், அதற்காக மரம் பல ஆண்டுகளுக்கு முன் சேர்த்த பழைய சேமிப்பையும் எடுத்திருந்தது தெரிந்தது. முழுதாக இலை இழந்தும் அவை பிழைத்துக்கொண்டன. இந்த ஆற்றல் என்னை எப்போதும் வியக்கவைக்கிறது. ஆனால் அதே கோடையோ அடுத்த கோடையோ வறண்டுவிட்டால் எடுப்பதற்கு எவ்வளவு மீதி இருக்கும் என்பதுதான் கவலை.

இப்போது தின்ன வருபவர்கள். இளம் பீச்சின் மொட்டை ரோ என்ற சிறிய ஐரோப்பிய மான் கடித்தால் மரத்துக்கு அது தெரிகிறது. லைப்சிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மொட்டுகளை வெட்டி, சிலவற்றில் மட்டும் மானின் எச்சிலைத் தடவிப் பார்த்தார்கள். எச்சில் பட்ட இடத்தில் சாலிசிலிக் அமிலம் கூடி, மானின் வாய்க்குப் பிடிக்காத டானின் போன்ற துவர்ப்புப் பொருட்கள் உருவாயின. வெறுமனே வெட்டுப்பட்ட இடத்தில் காயத்தை ஆற்றும் ஹார்மோன்கள் மட்டுமே கூடின. காற்றில் ஒடிந்ததா, மான் தின்றதா என்று மரம் பிரித்தறிந்து செலவு செய்கிறது.

பட்டையைத் துளைக்கும் வண்டுகளுக்கு எதிராக பைன் மரத்துக்குப் பிசின் இருக்கிறது, பீச்சுக்கு அது இல்லை. காயம்பட்ட இடத்தைச் சுற்றி பீனால் வகைத் தற்காப்பு வேதிப்பொருட்களை நிரப்பி, குழாய்களை அடைத்து, புதிய பட்டைச் சுவர் எழுப்பிப் பகுதியைத் தனிமைப்படுத்துவதுதான் அதன் முறை. உயிருள்ள, ஈரமுள்ள திசு இருந்தால்தான் இது நடக்கும். அதனால்தான் ஐரோப்பாவில் பீச்சைத் தாக்கும் பச்சைநிறப் பொன்வண்டு வகையும் சின்னஞ்சிறு பட்டை வண்டும் நல்ல காலத்தில் பெரிய பிரச்சினையாக இருப்பதில்லை, வறட்சிக்குப் பிறகுதான் பெருகுகின்றன. ஆரோக்கியமான மரத்துக்குள்ளேயே சத்தமில்லாமல் வாழும் சில பூஞ்சைகளும் மரம் காயத் தொடங்கியதும் மரத்தையே தின்ன ஆரம்பிக்கும். அசுவினி, கூன்வண்டு, இலைமுடிச்சு ஈ எல்லாம் இலையை அலங்கோலமாக்கும், ஆனால் வளர்ந்த மரத்தை அவை மட்டும் கொல்வது அரிது. அவற்றுக்காக மருந்தடிப்பது பணத்துக்குக் கேடு.

மரம் முன்பின் பார்த்திராத எதிரி வந்தால் நிலைமையே வேறு. வட அமெரிக்காவின் கதை அதுதான். 1890 வாக்கில், ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த அலங்கார பீச் கன்றுகளுடன், கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் ஒரு செதில் பூச்சி வந்து இறங்கியது. ஒரு மில்லிமீட்டர்கூட இராது. ஆணே கிடையாது, எல்லாம் பெண், ஒன்று போதும் ஒரு காலனி உருவாக. வெள்ளை மெழுகுப் பஞ்சைப் போர்த்திக்கொண்டு பட்டையில் ஊசிவாயைச் செருகி உட்கார்ந்துவிடும். அது குத்திய இடங்களில் செல்கள் செத்து நுண்ணிய வெடிப்புகள் விழ, நியோநெக்ட்ரியா என்ற பூஞ்சை அதில் நுழைந்து உள்பட்டையை அழிக்கிறது. காய்ந்த திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து தண்டைச் சுற்றிவிட்டால் மரம் முடிந்தது. பூச்சி தனியாக வந்திருந்தால் மரம் பெரும்பாலும் தாங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்ததுதான் வினை.

அமெரிக்க பீச்சின் எதிர்வினை இங்கே அதற்கே பகையாகிறது. தண்டு சாகும்போது வேரிலிருந்து ஏராளமான கன்றுகளைக் கிளப்பிவிடும். மற்ற இன்னல்களில் இது அருமையான உத்தி. ஆனால் வேர்க்கன்று தாய்மரத்தின் அச்சுப்பிரதி, தாயைக் கொன்ற நோய் அதையும் பிடிக்கும். இதனால் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலக் காடுகள் பல, பெரிய மரமில்லாமல், நோயுற்ற இளம் பீச் புதர்களால் அடைபட்டுக் கிடக்கின்றன. வேறு மரம் முளைக்கவும் வெளிச்சம் கிடைப்பதில்லை. நூற்றில் ஒரு மரம் அளவுக்குத்தான் செதில் பூச்சியை அண்டவிடாத இயல்பு இருக்கிறது. ஒஹாயோவின் டெலவேரில் உள்ள அமெரிக்க வனத்துறை ஆய்வகம் அப்படிப்பட்ட மரங்களைத் தேடிப்பிடித்து, ஒட்டுக்கட்டி, அவற்றிலிருந்து விதை எடுக்கப் பாடுபடுகிறது.

அந்த முயற்சி பலன் தருவதற்குள் அடுத்த எதிரி வந்துவிட்டது. 2012இல் ஒஹாயோவின் லேக் கவுண்டியில், இலை நரம்புகளுக்கிடையே கரும்பச்சைப் பட்டைகள் விழுந்த பீச் மரங்கள் முதன்முதலாகக் கண்ணில் பட்டன. காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு நூற்புழு. ஜப்பானிய பீச்சில் கண்டு விவரிக்கப்பட்ட இனத்தின் நெருங்கிய உறவு. கோடைக் கடைசியில் அது அடுத்த வருடத்துக்கான மொட்டுக்குள் புகுந்து குளிர்காலம் முழுவதும் அங்கேயே இருக்கும். இலை விரிவதற்கு முன்பே சேதம் முடிந்திருக்கும்: இலையில் அந்தக் கரும்பச்சைப் பட்டைகள் உள்ள இடங்கள் தடித்துத் தோல்போலாகி, உணவு தயாரிப்பது குறையும், பல மொட்டுகள் விரியாமலே சாகும். மரம் மறுபடி இலைவிடப் பார்க்கும், அடுத்த வருடம் மறுபடியும் இதே கதை. கையிருப்பு குறைவான இளங்கன்றுகள் சில வருடங்களிலேயே போய்விடும், பெரிய மரங்கள் மெல்ல மெல்ல. இன்று இது ஒன்டாரியோவிலிருந்து மேய்ன், வர்ஜீனியா வரை பரவிவிட்டது, அங்கே நட்டிருக்கும் ஐரோப்பிய பீச்சையும் பிடிக்கிறது. புளூவோபைரம் என்ற மருந்தைத் தழையில் தெளித்துத் தனிமரங்களைக் காக்கிறார்கள். ஒரு காட்டுக்கே அப்படித் தெளிக்க முடியாது. என் பார்வையில், பீச் இனத்துக்கு இப்போது வறட்சியைவிடப் பெரிய அச்சுறுத்தல் இந்தப் புழுதான். வறட்சியைத் தாங்கும் மரங்கள் நம் கையில் இருக்கின்றன, இதைத் தாங்கும் மரங்களை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மரங்கள் வேர்ப்பூஞ்சை வழியாக ஒன்றையொன்று காப்பாற்றுகின்றனவா என்று அடுத்து கேட்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே உயரமான ஸ்புரூஸ் மரங்களுக்கு, எங்கே போகிறது என்று பின்தொடர அடையாளமிட்ட கார்பனைக் கொடுத்தபோது, பக்கத்து பீச் மரங்களின் மெல்லிய வேர்களிலும் அது தென்பட்டது. பரிமாற்றம் நடக்கிறது. ஆனால் அதனால் நோயுற்ற மரம் பிழைக்கிறது என்று காட்டும் உறுதியான சான்று இல்லை. பீச்சுக்குப் பக்கத்து மரத்தால் கிடைக்கும் நிச்சயமான உதவி நிழலும் ஈரக்காற்றும்.

கேட்டவர் பார்த்த மரத்துக்கு என்ன ஆகும் என்பதை இலையில்லாத குளிர்காலத்தில் உச்சியைப் பார்த்துச் சொல்ல முடியும். அடுத்த வருடத் தளிர் எவ்வளவு நீளம் வளரும் என்பது முந்தைய கோடையில் மொட்டுக்குள்ளேயே பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது, எனவே கிளை நுனிகள் மரத்தின் கடந்த சில வருடக் குறிப்பேடு. ஆண்ட்ரியாஸ் ரோலோஃப் என்ற ஜெர்மன் வனவியலாளர் 1980களில் இதை ஒரு மதிப்பீட்டு முறையாகவே வகுத்தார். பக்கக்கிளைகள் வலைபோல நெருங்கி உச்சி மூடியிருந்தால் மரம் நலம். பக்கக்கிளையே இல்லாமல் நுனிகள் ஈட்டிபோலத் தனித்தனியாக நீட்டிக்கொண்டிருந்தால் சிரமத்தில் இருக்கிறது. அவையும் நகம்போல வளைந்து, உச்சி துண்டுதுண்டாகப் பிரிந்திருந்தால் மீள்வது கடினம்.

தோட்டத்தில் பீச் வைத்திருப்பவர்கள் வறண்ட கோடையில் தினமும் தெளிப்பதைவிட, வாரம் ஒருமுறை ஆழமாக ஊறும்படி விட வேண்டும். விழுந்த இலைகளை வேர்ப்பகுதியிலேயே மூடாக்காகக் கிடக்கவிடலாம். அந்த இடத்தில் வண்டி நிறுத்தி மண்ணை இறுக்கக் கூடாது. நோய் உள்ள பகுதியிலிருந்து கன்றோ விறகோ கொண்டுவரக் கூடாது. காட்டில் என்றால், தழைக்கூரையைத் திடீரெனத் திறக்காமல், வெள்ளி ஃபர் என்ற ஊசியிலை மரம், ஓக் போன்றவற்றையும் கலந்து வளர்ப்பதை நான் ஆதரிக்கிறேன்.

அப்புறம் ஒன்று, நடக்கப் போகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. காய்ந்த ஓக் பல வருடம் உறுதியாக நிற்கும். காய்ந்த பீச் அப்படியில்லை. பூஞ்சை அதை வேகமாக உளுக்கவைத்துவிடும், காற்றே இல்லாத நாளிலும் கனமான கிளை முன்னறிவிப்பின்றி ஒடிந்து விழும். உச்சி மொட்டையான பீச்சின் கீழே உட்கார்ந்து சாப்பிட வேண்டாம், குழந்தைகளையும் அங்கே விளையாட விட வேண்டாம்.